செம்பொருளும் பழிகரப்பும்: ‘டோன்ற் லுக் அப்’ திரைப்படம் பற்றி ஒரு நோக்கு

அங்கதம் பற்றிச் செய்யுளியலிற் பேசுந் தொல்காப்பியர் அதனை இரண்டாக வகுக்கின்றார். வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழிப்பை மறைத்து, வேறொன்றைச் சொல்வதுபோலச் சொல்லிப் பழிப்பது பழிகரப்பு அங்கதம். முன்னதை வசை என்ற சொல்லாலும் அவர் சுட்டுவார். இவ்விரண்டினுள் எது உயர்ந்தது என்று அவர் கூறினாரல்லர். மறைபொருளுக்கு ஏற்றங்கொடுத்து, வெளிப்படையான வசையைக் கலையின் கீழ்ப்படியில் இருத்தப் பழகியவர்கள் பின்வந்த நாமே. கூர்மை என்றாலே நுட்பம், நுட்பம் என்றாலே மறைவு என்பது விமர்சகர்களிடையே ஏறத்தாழ ஒரு வாய்பாடாகிவிட்டது.

இவ்வாய்பாடு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘டோன்ற் லுக் அப்’ (‘மேலே பார்க்காதீர்கள்’ எனலாம்) என்னும் அமெரிக்கத் திரைப்படத்துக்குக் கிடைத்த வரவேற்பை நோக்குமிடத்து இது தெளிவாகும். அடம் மக்கே எழுதி நெறிப்படுத்திய இப்படத்தை விமர்சகர்களிற் பலர் ‘உரத்த குரல்’, ‘மொட்டையான எள்ளல்’ என்று தள்ளினர். காலநிலை விஞ்ஞானிகளோ தமது வாழ்க்கையையே திரையிற் கண்டதாகக் கூறினர். ஒரே படத்தைப் பற்றி ஒரே காலத்தில் எழுந்த இவ்விரு தீர்ப்புகளும் எவ்வாறு தோன்றின என்பதே இக்கட்டுரையின் வினா. இரு சாராரும் படத்தின் செம்பொருளையே பார்த்தனர் என்பதும், அதில் உள்ள பழிகரப்பு இரு சாராராலும் போதிய அளவு பேசப்படவில்லை என்பதும் என் கருத்து.

படத்தைக் காணாதோர்க்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் கேற் டிபியாஸ்கி (ஜெனிபர் லோறன்ஸ்) ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடிக்கிறாள். அவளுடைய பேராசிரியர் றண்டல் மிண்டி (லியனார்டோ டிகப்ரியோ) அதன் பாதையைக் கணிக்கிறார். ஐந்து முதல் பத்துக் கிலோமீற்றர் வரை குறுக்களவுள்ள அவ்வால்வெள்ளி ஆறு மாதமும் பதினான்கு நாளும் கழித்துப் புவியில் மோதும், மனித இனம் அழியும். இருவரும் வெள்ளை மாளிகைக்குச் செல்கின்றனர். சனாதிபதி ஜேனி ஓர்லியனுக்கு (மெரில் ஸ்ட்ரீப்) இடைத்தேர்தலும், உயர் நீதிமன்ற நியமனத்தில் எழுந்த ஓர் அவதூறும் இதனினும் முக்கியமானவை. தொலைக்காட்சிக்குச் செல்கின்றனர். அங்கே சிரிப்பும் கும்மாளமுமான ஒரு காலை நிகழ்ச்சியிற் கேற் பொறுமை இழந்து கத்துகிறாள். நாடே அவளைக் கேலிப் படங்களாக்கிக் களிக்கிறது. பின்னர் அவதூறை மறைக்க வழி தேடிய சனாதிபதிக்கு வால்வெள்ளி கைகொடுக்கிறது. அதனைத் திசைதிருப்ப விண்கலங்கள் புறப்படுகின்றன; நடுவழியில் அவை திரும்பி வருகின்றன. வால்வெள்ளியில் இலட்சங்கோடிக் கணக்கான டொலர் பெறுமதியான அரிய கனிமங்கள் உள்ளன என்று பீற்றர் இஷர்வெல் (மார்க் றைலன்ஸ்) என்னும் தொழில்நுட்ப முதலாளி கண்டறிந்ததே அதற்குக் காரணம். அதனைத் துண்டுதுண்டாக உடைத்துப் புவியில் இறக்கிச் சுரண்டும் அவனது திட்டம் தோற்கிறது. உலகம் அழிகிறது.

பேரழிவுத் திரைப்படம் ஹொலிவூட்டின் பழைய பண்டங்களில் ஒன்று. ‘எயார்போட்’ (1970), ‘பொசைடன் அட்வெஞ்சர்’ (1972), ‘டவறிங் இன்பேர்னோ’ (1974) என எழுபதுகளில் அது ஒரு தனித்துறையாகவே வளர்ந்தது. 1998 இல் மாத்திரம் வான்பொருள் புவியை நோக்கி வரும் இரு படங்கள், ‘டீப் இம்பாக்ற்’, ‘ஆர்மகெடன்’ என்பன, சில வாரங்கள் இடைவிட்டு வெளியாகின. இத்துறையின் இலக்கணம் எளிது. விஞ்ஞானியை முதலில் ஒருவரும் நம்பார், பின்னர் நம்புவர், அதன்பின் வீரனொருவனும் அமெரிக்கப் பொறியியலும் சேர்ந்து உலகைக் காப்பாற்றும். இவ்விலக்கணத்தை நையாண்டி செய்த படங்களும் உள. 1980 இல் வந்த ‘எயார்ப்பிளேன்!’ அவற்றுட் புகழ்பெற்றது. ஆயின் அப்படம் ஒரு கலைவடிவத்தை எள்ளியதேயன்றி உலகத்தை எள்ளவில்லை. மக்கேயின் படம் வடிவத்தைத் தலைகீழாக்குவதன் மூலம் உலகத்தை எள்ளுகின்றது. ‘ஆர்மகெடன்’ போன்ற படத்தின் உச்சக்கட்டம், அதாவது விண்கலங்கள் எழுச்சியான இசையோடு வானேறும் காட்சி, இங்கே கதையின் நடுப்பகுதியிலேயே வந்துவிடுகிறது. பார்ப்போர் ஆண்டாண்டாகப் பழகிய கைதட்டலுக்கு ஆயத்தமாகின்றனர். அப்போதுதான் விண்கலங்கள் திரும்புகின்றன. இதனைப் பற்றிப் பின்னருங் கூற வேண்டியுள்ளது.

படம் உருவான வரலாறும் கவனிக்கத்தக்கது. மக்கே தொலைக்காட்சி நகைச்சுவை எழுத்தாளராகத் தொடங்கி, ‘அங்கர்மன்’ (2004) போன்ற கேலிப் படங்களால் அறியப்பட்டு, 2008 இன் நிதி நெருக்கடி பற்றிய ‘பிக் ஷோர்ட்’ (2015) மூலம் அரசியற் சினிமாவுக்கு வந்தவர். காலநிலை மாற்றம் பற்றி ஒரு படம் செய்ய அவர் வழி தேடிக்கொண்டிருந்த வேளையில், அவருடைய நண்பரும் பத்திரிகையாளருமான டேவிட் சிரோற்றா, ‘வான்பாறையொன்று வருகிறது, ஒருவருங் கவனிக்கிறார்களில்லை என்பது போல இருக்கிறது’ என்ற கருத்துப்படப் பேச்சுவாக்கிற் கூறினார். அதுவே கதைக்கு வித்தாயிற்று. கதையாசிரியராக அவர் பெயரும் படத்தில் உண்டு. 2019 நொவெம்பரிற் பாரமவுண்ற் நிறுவனத்தின் படமாக அறிவிக்கப்பட்டது. 2020 பெப்ரவரியில் நெற்பிளிக்ஸ் நிறுவனம் அதனைப் பொறுப்பேற்றது. அடுத்த மாதமே கொரோனாப் பெருந்தொற்று உலகை அடைத்தது. படப்பிடிப்பு 2020 நொவெம்பரில் மசாச்சூசெற்ஸ் மாநிலத்தில் தொடங்கி 2021 பெப்ரவரி வரை நடைபெற்றது. இந்த இடைவெளியில் எழுத்துப் பிரதிக்கு விசித்திரமானதொரு விபத்து நேர்ந்தது. மிகைப்படுத்தி எழுதியவை என்று ஆசிரியர் எண்ணியிருந்தவற்றிற் பல உண்மையாகவே நடந்துவிட்டன. நோய் இல்லை என்போரும், முகமூடி அணிவதைக் கட்சிச் சின்னமாக்கியோரும், விஞ்ஞானியைத் திரையில் வைத்துக்கொண்டே அவர் பேச்சை நகைச்சுவைத் துணுக்காக மாற்றியோரும் செய்தியாகவே வந்தனர். நிசம் மிகையை முந்திச் செல்லும்போது எள்ளுபவன் என்ன செய்வான்? இன்னும் மிகையாக்குவான். மக்கேயும் அதனையே செய்ததாகக் கூறியுள்ளார். படத்தின் குரல் சில இடங்களிற் கிறீச்சிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

விஞ்ஞானத்தில் மாத்திரம் படக்குழுவினர் விளையாடவில்லை. வானியலாளர் எமி மைன்சர் ஆலோசகராகப் பணியாற்றினார். வால்வெள்ளியின் பாதையைக் கணிக்கும் தொடக்கக் காட்சியில், எண்கள் சிறுத்துச் சிறுத்துச் சுழியை நெருங்க, பேராசிரியர் பலகையை அழித்துவிட்டு மாணவர்களை வீட்டுக்கு அனுப்பும் அந்த ஒரு நிமிடத்தில் எவ்வித மிகையும் இல்லை. பல்கலைக்கழகங்களில் இருப்போர்க்கு அக்காட்சியின் உண்மை புரியும்.

2021 டிசெம்பர் 10 இற் சில திரையரங்குகளிலும், டிசெம்பர் 24 இல் நெற்பிளிக்ஸ் மூலம் உலகெங்கும் படம் வெளியாயிற்று. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னர்தான் கிளாஸ்கோ மாநகரிற் கூடிய காலநிலை மாநாடு, நிலக்கரியை ‘ஒழிப்பது’ என்ற சொல்லைக் கடைசி நேரத்திற் ‘குறைப்பது’ என்று மாற்றிக்கொண்டு கலைந்திருந்தது. ஆங்கிலப் பத்திரிகைகளின் மதிப்பீடுகளைத் திரட்டித் தரும் ‘றொட்டன் ரொமாற்றோஸ்’ கணக்கில், சார்பான விமர்சனங்கள் பாதியைச் சற்றே தாண்டின. ‘கார்டியன்’ பத்திரிகையின் விமர்சகர் பீற்றர் பிராட்ஷோ ஐந்துக்கு இரண்டு நட்சத்திரமே கொடுத்தார். அதே ‘கார்டியன்’ பத்திரிகையில் அதே மாத இறுதியிற் பீற்றர் கல்மஸ் என்னும் காலநிலை விஞ்ஞானி, காலநிலைச் சிதைவின் முன் சமூகங் காட்டும் அச்சந்தரும் அசட்டையைத் தாம் கண்ட படங்களுள் இதுவே மிகச் சரியாகக் காட்டியது என்ற கருத்தில் எழுதினார். சில நாள் கழித்து ஜோர்ஜ் மொன்பியோ, தமது வாழ்நாட் போராட்டம் முழுவதும் கண்முன்னே ஓடக் கண்டதாக எழுதினார். அவர் முந்திய நொவெம்பரிலே ஒரு காலை நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியிற் காலநிலை பற்றிப் பேசுகையிற் கண்ணீர் விட்டவர். படத்தின் கதாபாத்திரத்துக்கு நேர்ந்தது அவருக்கு முன்னரே நேர்ந்திருந்தது.

இதன் நடுவே நெறியாளரும் வாய்திறந்தார். காலநிலை பற்றி நெஞ்சிற் சிறிதளவேனும் பதற்றம் இல்லாதவர் இப்படத்தைப் பார்ப்பது, இயந்திர மனிதன் காதற் கதையைப் பார்ப்பதை ஒக்கும் என்பது அவர் கூற்றின் சாரம். இது நல்ல விடையன்று. படம் பிடிக்கவில்லை என்றவரையெல்லாம் அழிவை மறுப்போரோடு சேர்த்துவிடுவது விமர்சனத்தின் வாயை அடைப்பதாகும். ஈழத்து விமர்சன உலகிற் கலையா பிரசாரமா என்று அறுபதுகளில் நடைபெற்ற வாதங்களை அறிந்தோர்க்கு இக்குரல் பழக்கமானது. அங்கும், உள்ளடக்கம் சரியாயிருந்தாற் போதும் என்றோர் ஒரு புறம். உருவங் குலைந்தால் உள்ளடக்கம் ஏது என்றோர் மறுபுறம். அவ்விரு சாராருக்கும் நடுவே, குறித்தவொரு படைப்பை உண்மையில் வாசித்துப் பார்க்க நேரங் கிடைத்தவர் சிலரே.

நாம் படத்தை வாசிப்போம். முதலில் விமர்சகர் சொன்னதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சனாதிபதி ஓர்லியன் வெறும் பொம்மை. அண்மைக்கால அமெரிக்க அரசியல்வாதிகளின் அற்பத்தனங்களை ஒட்டுப்போட்டுச் செய்த அப்பாத்திரத்தை மெரில் ஸ்ட்ரீப் போன்ற நடிகையாலும் மனிதப் பிறவியாக்க முடியவில்லை. அவருடைய மகனும் ஆலோசகனுமான ஜேசன் (ஜோனா ஹில்) வாய்திறக்குந்தோறும் ஒரே பகிடியைத் திருப்பிச் சொல்கிறான். தொலைக்காட்சித் தொகுப்பாளர் இருவரும் அவ்வாறே. இவர்களை எள்ளுவது எளிது. இவர்கள் முன்னரே தம்மைத் தாமே எள்ளிக்கொண்டவர்கள். படத்தின் செம்பொருள் அங்கதம் இங்கேதான் வசையாகச் சுருங்குகின்றது.

இவ்விடத்தில் ஸ்ரான்லி குப்றிக்கின் ‘டொக்டர் ஸ்றேஞ்ச்லவ்’ (1964) நினைவுக்கு வருவது இயல்பு. பலரும் ஒப்பிட்டுள்ளனர். பீற்றர் ஜோர்ஜ் 1958 இல் வெளியிட்ட, நகைச்சுவை சற்றும் இல்லாத நாவலொன்றைத் தழுவி அணுவாயுதப் போர் பற்றி ஒரு கடுமையான படம் செய்ய முற்பட்ட குப்றிக், எழுத எழுத அது கேலிக்கூத்தாகவே வருவதைக் கண்டு அவ்வழியிலேயே சென்றார். அப்படமும் வந்தபோது எல்லோராலும் போற்றப்படவில்லை. ‘நியூ யோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையின் பொஸ்லி குறௌதர் அதனை நோயுற்ற நகைச்சுவை என்று கருதி, நாட்டின் பாதுகாப்பு அமைப்பின்மீது அது காட்டும் இகழ்ச்சியைக் கண்டு கலங்கினார். ஆனால் இரண்டுக்குமிடையே ஓர் ஆழமான வேறுபாடு உண்டு. குப்றிக்கின் தளபதிகள் முட்டாள்களாயினும், உலகத்தை அழிப்பது அவர்களுடைய முட்டாள்தனமன்று. ஒவ்வொரு படியிலும் தருக்கப்படி அமைக்கப்பட்ட ஏற்பாடு ஒன்று பழுதின்றி வேலை செய்வதே உலகத்தை அழிக்கிறது. அங்கு எள்ளப்படுவது அறிவு. மக்கேயின் படத்தின் முதற்பாதியில் எள்ளப்படுவது அறிவின்மை. அறிவின்மையைப் பார்த்துச் சிரிக்கும் பார்வையாளன், தான் அறிவாளி என்ற நிம்மதியோடு வீடு செல்லலாம். முதற்பாதியோடு படம் முடிந்திருந்தால் விமர்சகர் தீர்ப்பை அப்படியே ஏற்றிருப்பேன்.

ஆயின் அப்பாதிக்குள்ளேயே ஒரு சிறு சங்கதி ஒளிந்திருக்கிறது. வெள்ளை மாளிகையில் விஞ்ஞானிகள் மணித்தியாலக் கணக்கிற் காக்க வைக்கப்படுகின்றனர். உடன் வந்த இராணுவத் தளபதி ஒருவர் எழுந்து சென்று, தண்ணீரும் சிற்றுண்டியும் கொண்டுவந்து, இங்கே எல்லாம் விலை அதிகம் என்று சொல்லி எல்லோரிடமும் காசு வாங்கிக்கொள்கிறார். பிறகு கேற் தற்செயலாக அறிகிறாள்: அங்கே சிற்றுண்டி இலவசம். உலகம் அழியப்போகின்றது, அவளுக்கு அது தெரியும், ஆயினும் இச்சில்லறைக் களவு அவள் மனத்தைவிட்டு அகலவில்லை. அவர் ஏன் காசு வாங்கினார்? மூன்று நட்சத்திரத் தளபதிக்கு அக்காசு எதற்கு? பின்னும் பல முறை, தொடர்பே இல்லாத இடங்களில், அவள் இதனையே கேட்கிறாள். பார்ப்போர் ஒவ்வொரு முறையுஞ் சிரிக்கின்றனர். படம் விடை கூறுவதில்லை.

இது பழிகரப்பு. தேவை இல்லாதபோதும், தடுப்பார் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, இலவசமாக எல்லோர்க்கும் உரிய ஒன்றை இடையிலே நின்று விலைக்கு விற்றல்: இதுவே பின்னர் இஷர்வெல் வால்வெள்ளியை வைத்துச் செய்யப்போவது. தளபதியின் கையிலிருந்த சிற்றுண்டிப் பொதி சிறிது, முதலாளியின் வான்பாறை பெரிது, தொழில் ஒன்றே. இவ்விரண்டையும் நெறியாளர் எங்கும் தொடுத்துக் காட்டவில்லை. உரத்த குரலிற் பேசுவதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட படம் தன் மையக் கருத்தை இவ்வளவு மெல்லிய குரலிற் சொல்லியிருப்பது விந்தையே.

இனி, விண்கலங்கள் திரும்பும் காட்சி. படத்தின் உயிர்நிலை இதுவென்பேன். இதுவரை அழிவுக்குக் காரணம் கவனமின்மை என்றே நாம் நம்பியிருந்தோம். அரசியல்வாதி கவனிக்கவில்லை, தொலைக்காட்சி கவனிக்கவில்லை, மக்கள் கவனிக்கவில்லை. கவனித்துவிட்டால் எல்லாஞ் சரியாகும். இப்போது கவனித்துவிட்டார்கள். பணமும் உண்டு, விண்கலமும் உண்டு, மக்களின் ஆரவாரமும் உண்டு. ஒரு மனிதன் எழுந்து சனாதிபதியை அழைத்து ஏதோ சொல்கிறான். வானில் ஒழுங்காக ஏறிச்சென்ற கோடுகள் ஒவ்வொன்றாக வளைந்து கீழே திரும்புகின்றன. அழிவு இப்போது அறியாமையால் வருவதன்று. கணக்குப் பார்த்து வருவது. குப்றிக்கின் தருக்கம் இங்கே மக்கேயின் படத்துக்குள் நுழைகிறது. இஷர்வெல்லை றைலன்ஸ் நடித்திருக்கும் விதமும் இதற்குத் துணை செய்கிறது. அவன் கத்துவதில்லை, வெருட்டுவதில்லை. குழந்தைக்குக் கதை சொல்பவன்போல மெல்லிய குரலில், வறுமை ஒழியும் என்றும் மனித இனம் உயரும் என்றும் பேசுகிறான். தான் வெறும் வியாபாரி எனப்பட்டபோது மாத்திரம் அவன் முகம் ஒரு கணம் மாறுகிறது. நான் வாசித்த எதிர்மறை விமர்சனங்களிற் பெரும்பாலானவை ஓர்லியனையும் தொலைக்காட்சியையும் பற்றியே பேசின. விண்கலங்கள் திரும்பியதைக் கதையின் ஒரு திருப்பமாக மாத்திரம் சொல்லிக் கடந்தன.

இன்னொன்றும் அவ்வாறே கடந்து போயிற்று. இஷர்வெல்லின் கம்பனி மனிதர் ஒவ்வொருவர் பற்றியுந் திரட்டிய தரவுகளைக்கொண்டு அவர்களுடைய சாவையும் முன்கூட்டிச் சொல்லவல்லது. சனாதிபதியை ‘புறொன்ரெறொக்’ என்னும் ஏதோவொன்று தின்னும் என்று அது சொல்கிறது. அச்சொல்லின் பொருள் அப்போது ஒருவர்க்குந் தெரியாது. மிண்டியிடம் இஷர்வெல் சொல்வது வேறு: நீ தனியே சாவாய். இருபத்தீராயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்து வேறொரு கிரகத்தில் முதலாவது சோதிடம் பலிக்கிறது. பார்ப்போர் அட்டகாசமாகச் சிரிக்கின்றனர். இரண்டாவது பலிக்கவில்லை. மிண்டி தன் மனைவி, பிள்ளைகள், கேற், அவளுடைய சிநேகிதன் யூல், சக விஞ்ஞானி ஒகிள்தோர்ப் ஆகியோரோடு இரவுணவு மேசையில் இருந்து, கோப்பியைப் பற்றிப் பேசியபடி சாகிறார். அக்கணக்கு ஒரு மனிதன் விடயத்திற் பிழைத்துவிட்டது. படம் இதனைச் சுட்டிக்காட்டுவதில்லை. பார்வையாளனே நினைவுகூர வேண்டும். சமய நம்பிக்கை அற்றவர்கள் நிறைந்த அம்மேசையிற் கடைச் சாமான் திருடும் இளைஞனான யூல் செய்யும் சிறு பிரார்த்தனையும், எல்லாமே நம்மிடம் இருந்தனவே என்ற கருத்தில் மிண்டி கூறும் கடைசி வசனமும் (இது டிகப்ரியோ தாமே முன்வைத்தது) எள்ளலை முற்றாக நீங்கி நிற்கின்றன. நையாண்டிப் படமொன்று தன் இறுதி நிமிடங்களில் நையாண்டியை இறக்கி வைப்பதற்குத் துணிவு வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்தபின் என் முறையீட்டையுங் கூற வேண்டும். அது விமர்சகர்களின் முறையீடன்று. உருவகத்தைப் பற்றியது. காலநிலை மாற்றத்துக்கு வால்வெள்ளியை உவமையாக்கியபோது இரண்டு செய்திகள் உவமைக்குள் அடங்காமல் வெளியே விழுந்துவிட்டன. வால்வெள்ளியை எவருஞ் செய்யவில்லை. அது வெளியிலிருந்து வருவது. காற்றில் ஏறிய கரியமிலவாயுவோ இருநூறு ஆண்டுகளாகக் குறித்த சில நாடுகளின் ஆலைகளிலும் வாகனங்களிலும் இருந்து, பெரும்பங்கு அவர்களுடைய வளத்துக்காகவே வெளியேறியது. அடுத்து, வால்வெள்ளி எல்லோரையும் ஒரே நாளில் ஒரே விதமாகக் கொல்கிறது. வெப்பமும் வெள்ளமும் அவ்வாறு செய்வதில்லை. கூரை இல்லாதவனிடம் அவை முதலில் வருகின்றன. குற்றவாளியும் இல்லை, வரிசையும் இல்லை என்றாகிவிட்டால் மிஞ்சுவது கவனக்குறைவு ஒன்றே. படம் தன் இரண்டாம் பாதியிற் சிரமப்பட்டு வெளிக்கொணர்ந்த இஷர்வெல்லைக்கூட இவ்வுவமை ஓரளவு காப்பாற்றிவிடுகிறது. அவன் வால்வெள்ளியைத் தடுக்க விடாதவனேயன்றி அனுப்பியவனல்லன்.

இதன் மறுபக்கமே படத்தில் உலகின் ஏனைய மக்கள் பெறும் இடம். கனிமப் பங்கீட்டிலிருந்து விலக்கப்பட்ட ரஷ்யா, சீனா, இந்தியா ஆகியன சேர்ந்து தாமே வால்வெள்ளியைத் திசைதிருப்ப முயல்கின்றன. பைக்கனூர் ஏவுதளத்தில் அம்முயற்சி வெடித்துச் சிதறுகிறது. படத்திலே இது சில விநாடிச் செய்தி. உலக மக்களிற் பெருந்தொகையினரின் பிரதிநிதிகள் எடுத்த ஒரே தீர்மானம், தொலைபேசியில் வந்த ஒரு தகவலாக முடிந்துவிடுகிறது. ஹாங்க் கோர்வினின் படத்தொகுப்பு இடையிடையே தேனீயையும் நீர்யானையையும் பிறந்த குழந்தையையும் தொழுகையில் இருப்போரையும் துண்டுதுண்டாகக் காட்டுகிறது. மிக அழகான துண்டுகள் அவை. ஆயின் அவற்றில் ஆசியரும் ஆபிரிக்கரும் தேனீக்களோடும் நீர்யானையோடும் சேர்ந்து வானத்தைப் பார்ப்பவர்களாகவே உள்ளனர், பேசுபவர்களாக இல்லை. அமெரிக்காவின் தன்முனைப்பை எள்ளும் படம் அதே தன்முனைப்போடு உலகைப் பார்ப்பதை எந்த அங்கத வகையிற் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

படத்துக்குப் பின்னர் நடந்தவை சிலவற்றையும் குறிக்க வேண்டும். 2021 டிசெம்பர் 27 முதலான ஒரே வாரத்தில் இப்படம் 15 கோடியே 22 இலட்சம் மணித்தியாலம் பார்க்கப்பட்டதாக நெற்பிளிக்ஸ் அறிவித்தது. அந்நிறுவனத்தின் கணக்கில் அது அன்றைய வாரச் சாதனை. பார்த்தோர் தொகையன்று, பார்த்த நேரம். கேற் கத்திய காலை நிகழ்ச்சியிலும் அவளுடைய செய்தி இவ்வாறுதான் அளக்கப்பட்டது. நான்கு ஒஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றும் பெறாது 2022 மார்ச்சில் அது திரும்பியது. அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் மூலத்திரைக்கதை விருது அதற்குக் கிடைத்தது. படத்தைப் போற்றி எழுதிய கல்மஸ் 2022 ஏப்ரலில், எண்ணெய்த் துறைக்குக் கடனளிக்கும் வங்கியொன்றின் லொஸ் ஏஞ்சலிஸ் கட்டடக் கதவோடு தம்மைச் சங்கிலியாற் பிணைத்துக்கொண்டு கைதானார். அவ்வாண்டு யூலையில் இங்கிலாந்தின் வெப்பநிலை வரலாற்றில் முதன்முறையாக 40 பாகை செல்சியசைத் தாண்டியது. அதற்குச் சற்று முன்னர் தொலைக்காட்சியொன்றில் வானிலையாளர் ஒருவர் உயிராபத்து உண்டென்று எச்சரிக்க, நிகழ்ச்சித் தொகுப்பாளர் வெயிலைப் பற்றி மகிழ்ச்சியாகப் பேசுவோமே என்றார். அத்துண்டையும் மக்கேயின் படத்துண்டையும் அருகருகே வைத்துப் பலர் பரப்பினர்.

2022 செப்ரெம்பர் 26 இல் நாசாவின் ‘டாட்’ விண்கலம் டைமோர்போஸ் என்னும் சிறுகோளில் வேண்டுமென்றே மோதி, அதன் சுற்றுக்காலத்தை முப்பது நிமிடத்துக்கு மேலாகக் குறைத்தது. அந்த விண்கலம் ஏவப்பட்டது படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர். படத்தின் தொடக்கத்தில் ஒகிள்தோர்ப் பணியாற்றும் ‘புவிப் பாதுகாப்பு ஒருங்கிணைப்புப் பணிமனை’யின் பெயர் முதன்முறை உச்சரிக்கப்படும்போது, காட்சி ஒரு கணம் நின்று, அப்பணிமனையின் இலச்சினையைக் காட்டி, இது உண்மையிலேயே உள்ள இடம் என்று எழுத்தில் அறிவிக்கும். 2016 இல் நாசா அமைத்த பணிமனை அது. படம் முழுவதிலும் மிகை சிறிதும் அற்ற வாக்கியம் இது. பகிடி என்று எண்ணிப் பார்ப்போர் சிரிக்கும்படியே அது அமைக்கப்பட்டிருக்கிறது.